விளம்பரத்திலேயே பெயர் இருக்க, 'டு ஹூம்' எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வரும் வேலைவாய்ப்பு விளம்பரங்களை எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் வெட்டி வைக்கிறார்கள் என்பது என் கடை மேசைக்குத் தெரியும். மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் ரைப் செய்வது, போட்டோக்கொப்பி எடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கதவு திறக்கும்போதே அந்தத் துண்டுகளோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். துண்டின் அடியில் தெளிவாகப் போட்டிருக்கும்: விண்ணப்பத்தை மனிதவள முகாமையாளருக்கு முகவரியிடவும், கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிடவும், இன்ன திகதிக்கு முன் பதிவுத் தபாலில் அனுப்பவும். அதை என் முன்னால் வைத்துவிட்டுச் சொல்வார்கள், "அக்கா, மேல டு ஹூம் இட் மே கொன்சேர்ன் எண்டு பெரிய எழுத்துல போட்டுத் தாங்க."

'சம்பந்தப்பட்டவர் எவரோ அவருக்கு' என்பதுதான் அந்த ஆங்கிலத் தொடரின் பொருள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று விளம்பரமே சொல்கிறது. அதற்குப் பிறகும் ஆள் யாரென்றே தெரியாதவர்போல ஏன் எழுத வேண்டும்? இதைக் கேட்கத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சின்ன விசயம்தான். ஆனால் இந்தச் சின்ன விசயத்தோடு இங்கிருந்து கொழும்புக்கும் பாசிக்குடாவுக்கும் டோகாவுக்கும் போகிற விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தத் தொடரில் பிழை ஒன்றும் இல்லை. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. இந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது, இதில் யாருக்கு அலுவல் உண்டோ அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிற இடம் அது. வேலை செய்த இடத்தில் வாங்கும் சேவைக் கடிதம், அதிபர் தரும் நற்சான்றிதழ், மருந்துப் பையோடு விமானம் ஏறப்போகிறவருக்கு வைத்தியர் எழுதித் தரும் கடிதம் போன்றவை அந்த வகை. இவை தபாலில் போகிற கடிதங்கள் அல்ல. வைத்திருப்பவர் பைலுக்குள் போட்டுக் கொண்டுபோய் இன்றைக்கு ஒருவரிடம் காட்டுவார், இரண்டு வருடம் கழித்து வேறொருவரிடம் காட்டுவார்.

அண்மையில் மண்டூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். வாவியைக் கடக்கிற 'பாதை' என்ற மிதவையில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில். கட்டாருக்கு டைல்ஸ் பதிக்கிற வேலைக்குப் போகிறார். தன்னை வைத்து வேலை வாங்கிய கொந்தராத்துக்காரரின் லெட்டர்ஹெட் தாள் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். கையொப்பமும் முத்திரையும் பிறகு வைத்துத் தருவாராம், முதலில் விசயத்தை அடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இந்தத் தாளை முதலில் கொழும்பில் ஏஜென்சிக்காரர் பார்ப்பார், பிறகு கட்டாரில் கம்பனிக்காரர் பார்ப்பார், அந்தக் கம்பனி பிடிக்காமல் வேறு இடத்துக்கு மாறினால் அங்கே இன்னொருவர் பார்ப்பார். கொந்தராத்துக்காரருக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது. 'டு ஹூம் இட் மே கொன்சேர்ன்' என்பதைத் தாளின் நடுவில் பெரிய எழுத்தில் தலைப்பாகப் போட்டேன். அது பொருத்தமான இடம்.

தம்பிக்கு அது போதவில்லை. "அதுக்குக் கீழ டியர் சேர் எண்டும் போடுங்க அக்கா, கடைசில யுவர்ஸ் ஃபெய்த்புல்லி எண்டும் போடுங்க" என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு விளிப்பு ஒரே தாளில் இருக்கக் கூடாது. தலைப்பைப் போட்டால் அடுத்த வரியிலேயே 'திஸ் இஸ் டு சேர்ட்டிஃபை தட்' என்று விசயத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை, ஆள் எப்படி. கடைசியில் 'யுவர்ஸ்' எதுவும் வராது. கையொப்பம், கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, போன் நம்பர், முத்திரை, திகதி, அவ்வளவுதான். திகதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திகதியில்லாத சேவைக் கடிதத்தைப் பார்க்கிறவருக்கு அது போன மாதம் எழுதியதா, பத்து வருடத்துக்கு முன் எழுதியதா என்று எப்படித் தெரியும்? தலைப்பைப் பற்றி அரை மணி நேரம் யோசிக்கிறவர்கள் திகதியைப் பற்றி ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

சரி, இது சான்றிதழின் கதை. விண்ணப்பம் வேறு.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு பிள்ளை வந்தாள். உயர்தரம் முடித்து, ஹோட்டல் துறையில் ஒரு பயிற்சியும் முடித்தவள். நல்ல ஆங்கிலம் பேசுவாள். விளம்பரத்தில் முகாமையாளரின் பெயரே இருந்தது, ஒரு பெண்மணி. பிள்ளை கையால் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தின் தலையில் வழக்கம்போல 'டு ஹூம்'.

"யாருக்கு அனுப்புறாய்?"

"ஹோட்டலுக்கு."

"ஹோட்டலுக்குள்ள ஆருக்கு?"

துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பெயரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "பேரைச் சொல்லி எழுதினா மறுகா கோவிக்க மாட்டாங்களா அக்கா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் வயதிலோ பதவியிலோ மூத்த ஆளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சேர், மிஸ், அண்ணன், மாமா, பெரியம்மா என்றுதான் வளர்ந்தோம். பக்கத்து வீட்டு ஐயாவின் பெயரே தெரியாமல் இருபது வருடம் வாழ்ந்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, பெயரில்லாத தொடர் ஒன்று ஆங்கிலத்தில் கிடைத்ததும் அதுதான் மரியாதை என்று தோன்றுகிறது. ஆங்கிலக் கடிதத்தில் வழக்கம் நேர்மாறு. பெயரைத் தேடிப் பிடித்து, முன்னால் மிஸ்டர் அல்லது மிஸிஸ் போட்டு எழுதுவதுதான் அங்கே மரியாதை. பெண்ணின் திருமண விவரம் தெரியாவிட்டால் எம், எஸ் என்ற இரண்டு எழுத்து போதும். பெயர் தெரிந்திருந்தும் 'டு ஹூம்' போட்டால், இந்தப் பிள்ளை விளம்பரத்தையே ஒழுங்காக வாசிக்கவில்லை என்றுதான் அந்த முகாமையாளர் நினைப்பார். வரவேற்பாளர் வேலைக்கு அதைவிடக் கெட்ட தொடக்கம் வேண்டாம்.

பெயரை எழுதுவதிலும் எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. விலாசத்தில் எஸ். சிவராசா என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளிக்கும்போது 'டியர் மிஸ்டர் சிவராசா'. எஸ் என்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து, அதை விரித்துத் தகப்பனை விளித்துவிடக் கூடாது. வெள்ளைக்காரர் என்றால் கடைசியில் வருவது குடும்பப் பெயர், அதைத்தான் மிஸ்டரோடு சேர்க்க வேண்டும். ஆக இரண்டு பேருக்கும் கடைசிப் பெயர்தான் என்பதால் வேலை சுலபம். (வளைகுடாக் கந்தோர்களில் எங்கள் பிள்ளைகளைத் தகப்பன் பெயரால் கூப்பிடுவது வேறு கதை. அதற்குக் கடவுச்சீட்டில் பெயர் எப்படிப் பிரிகிறது என்று தனிக் கடிதமே எழுதலாம்.)

பெயர் இல்லை, பதவி மட்டும் இருக்கிறது என்றால்? அப்போதும் 'டு ஹூம்' வேண்டாம். 'டியர் சேர் ஓர் மேடம்' போதும், அல்லது 'டியர் ஹயரிங் மனேஜர்' என்று பதவியையே விளிக்கலாம். போன் நம்பர் கொடுத்திருந்தால் ஒரு கோல் எடுத்துப் பெயரைக் கேட்டுவிடலாம் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். கேட்கிறவர்கள் குறைவு. கூச்சம்.

கடைசி வரிக்கு ஒரு விதி இருக்கிறது. எனக்கு ரைப்ரைட்டிங் படிப்பித்த மிஸ் அதை ஒரே வரியில் சொல்லித் தந்தார்: சேரோடு சின்சியர்லி சேராது. 'டியர் சேர்' என்று தொடங்கினால் முடிவு 'யுவர்ஸ் ஃபெய்த்புல்லி'. பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இது பிரித்தானிய வழக்கம், எங்கள் பாடசாலைகளும் கந்தோர்களும் பின்பற்றுவது. அமெரிக்கர்கள் இந்தப் பிரிவினை பார்ப்பதில்லை, பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'சின்சியர்லி' என்று முடித்துவிடுவார்கள். எது எப்படியோ, 'யுவர்ஸ்' என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு புள்ளிக் கொம்பு வைக்கிறார்களே, அது எந்த நாட்டிலும் கிடையாது.

தொடருக்குள் நடக்கும் கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன். 'ஹூம்' என்பதற்குப் பதில் 'ஹூ' என்று வரும். 'கொன்சேர்ன்' என்பதோடு ஈ, டி சேர்ந்து 'கொன்சேர்ன்ட்' என்று வரும், 'மே' என்ற சொல்லுக்குப் பின்னால் வினைச்சொல்லுக்கு வால் முளைக்காது. முன்னால் 'டியர்' சேர்த்து 'டியர் டு ஹூம்' என்று வரும். எல்லாவற்றையும்விட, டபிள்யூ விடுபட்டு, கடைசியில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டு 'டு ஹோம்' என்று வீட்டுக்குப் போய்விடும். கொம்பியூட்டர் பிழை பிடித்துத் தரும் என்று நம்பி இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: வீடு என்பதும் சரியான ஆங்கிலச் சொல்தானே, அதன் கீழே சிவப்புக் கோடு விழாது. இந்தியச் சான்றிதழ்களைப் பார்த்துச் சிலர் 'ஹூம்சோஎவர்' என்று கேட்கிறார்கள். இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது, ஆனால் வழக்கத்தில் நிலைத்திருப்பது குட்டையான வடிவம்தான். தலைப்பாக நடுவில் போட்டால் பின்னால் குறி எதுவும் தேவையில்லை. கடிதத்தின் தொடக்கத்தில் இடதுபக்கம் போட்டால் அமெரிக்க முறையில் முக்காற்புள்ளி, பிரித்தானிய முறையில் காற்புள்ளி.

இந்தத் தொடர் எங்கிருந்து இப்படிப் பரவியது என்று யோசித்துப் பார்த்தால், பழி பிள்ளைகள் மேல் மட்டும் இல்லை. எங்களைப் போன்ற கடைகள் மேலும் இருக்கிறது. யாரோ ஒருவர் எப்போதோ அடித்த ஒரு கடிதம் பென் ட்ரைவில் கடைக்குக் கடை போய்க்கொண்டிருக்கிறது. பெயரையும் விலாசத்தையும் மாற்றிவிட்டுப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள். வேறு ஊர்க் கடை ஒன்றில் அடித்த விண்ணப்பத்தைப் போட்டோக்கொப்பி எடுக்க ஒரு பெண் பிள்ளை கொண்டுவந்தாள். நான்காவது வரியில் 'நான் கடினமாக உழைக்கும் நேர்மையான பையன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைக்குக் காட்டினேன், சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதே தாளில் இருபது பிரதி ஏற்கனவே தபாலில் போயிருந்ததாம்.

காலம் மாறினால் கடிதத் தொடர்களும் மாறத்தான் செய்கின்றன. கல்லோயாக் குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கிய பிறகு காணி கேட்டு எழுதிய பழைய மனுக்களின் பிரதிகளைச் சில வயதானவர்கள் இன்னும் பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார்கள். போட்டோக்கொப்பிக்கு வரும்போது வாசித்துப் பார்ப்பேன். கடைசியில் 'சேர், தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியனாக இருக்கும் கௌரவம் எனக்குண்டு' என்ற பொருளில் நீட்டி ஓர் ஆங்கில முடிப்பு இருக்கும். துரைமார் காலத்து வழக்கம். அதை இன்றைக்கு யாரும் கேட்பதில்லை, தானாகவே உதிர்ந்துவிட்டது. அதன் இடத்துக்குத்தான் 'டு ஹூம்' வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பெரிய இடத்துக்கு எழுதுகிறோம், விளங்காத மாதிரி ஏதாவது ஒன்று மேலே இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

அந்த எண்ணத்தால் வரும் இன்னொரு வீண் வேலையையும் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலமே தேவைப்படாத கடிதங்களையும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா வந்தார். இரவு யானை வந்து குசினிச் சுவரை இடித்து, உள்ளே இருந்த நெல்மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டது. இழப்பீடு கேட்டு பிரதேச செயலாளருக்கு மனு. "மகள், இங்கிலீசில அடி. அப்பதான் எடுத்துப் பாப்பாங்க" என்றார். "மேல அந்த டு ஹூமையும் போடு" என்றும் சொன்னார். எல்லோரிடமும் கேட்டுப் பழகிவிட்டது போல.

ஐயாவை உட்காரவைத்துக் கேட்டேன், பிரதேச செயலாளர் தமிழ் பேசுகிறவரா இல்லையா என்று. தமிழ்தான். விசாரிக்க வருகிற கிராம உத்தியோகத்தர்? அவரும் தமிழ்தான், ஐயாவின் மருமகனோடு படித்தவராம். பிறகு யாருக்காக ஆங்கிலம்? 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த வருடத்து 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று வைத்தது. அரச கந்தோருக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. ஐயாவுக்கு இந்தத் திருத்தங்களின் இலக்கமெல்லாம் தேவையில்லை என்பதால் சுருக்கமாகத்தான் சொன்னேன். யானை எந்தப் பக்கத்தால் வந்தது, எந்தச் சுவர், எத்தனை மூட்டை, அயலில் யார் பார்த்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல அப்படியே தமிழில் அடித்தேன். ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அந்த விவரத்தில் பாதி காணாமல் போயிருக்கும். வாசித்துக் காட்டியபோது, கிணற்றடி வேலியையும் மிதித்துவிட்டுப் போனதை மறந்துவிட்டேன் என்று இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். தான் கையொப்பமிடும் மனுவைத் தானே விளங்கித் திருத்தினார். ஆங்கில மனுவில் அது நடக்காது.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இங்கே பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். இருநூறு வருடத்துக்கு மேலாக இந்த வாவிக்கரையில் ஆங்கிலம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொழும்புக் கம்பனிக்கும் வெளிநாட்டுக்கும் எழுத அது வேண்டும், நன்றாகவே வேண்டும். யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் பார்த்துவிட்டால் எந்த மொழி, என்ன விளிப்பு, என்ன முடிப்பு என்பதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்துவிடுகிறது. இதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் கட்டுரை மாதிரிகளைப் பாடமாக்க விடுகிறார்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலக் கடிதத்துக்குப் புள்ளி வாங்கிய பிள்ளைகூட என் கடைக்கு வந்து, கடிதத்தில் விலாசம் எந்தப் பக்கம் வரும் என்று கேட்கிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, வேலை விளம்பரம் தரும் நிறுவனங்களிடம், விண்ணப்பம் யாருக்கு, எந்த மொழியில் என்று ஒரு வரி சேர்க்கும்படி உங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாம். 'சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பவும்' என்று போடுகிற விளம்பரங்களும் வருகின்றன, அப்புறம் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? மற்றது, வேலைவாய்ப்புப் பக்கத்தின் ஒரு மூலையில் இரண்டு மாதிரிகளை அருகருகே போட்டுவிடுங்கள்: ஒரு சேவைக் கடிதம், ஒரு விண்ணப்பக் கடிதம். ஒன்றில் அந்தத் தலைப்பு இருக்கும், மற்றதில் இருக்காது. என் கடைக் கண்ணாடியில் அப்படி இரண்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கேட்டால் உங்களுக்கும் அனுப்பிவைக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்ததும் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை உரிமையாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.